மச்சான் மூச்சு

சார், அந்த இயர்போன காதுல மாட்டாதீங்க. தயவுபண்ணி. நாக்பூர்ல ஏறினீங்க, ஆரஞ்சு உரிச்சீங்க, தோல என் செருப்பு மேல போட்டீங்க, நான் ஏதாவது கேட்டனா? கேக்கல. அதுக்குப் பதிலா கொஞ்ச நேரம் என் பேச்சக் கேளுங்க. கேக்காட்டியும் பரவால்ல, கேக்குற மாதிரி தலைய ஆட்டுங்க. எதுக்குன்னு அப்பறம் சொல்றேன்.

மெல்லப் பேசணுமா? எதுக்கு? ஓ, இவ தூங்குறான்னா? இவ என் சம்சாரம் சார், கோமளவல்லி. நான் பேசினா இவளுக்கு ஒண்ணும் ஆகாது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் சத்தத்துலதான் தூங்குறா.

நம்ம பேரு சௌரிராஜன். பலகுரல் சௌரி, கும்பகோணம். கேள்விப்பட்டதில்லையா? விடுங்க, கேள்விப்பட்டவங்க யாரும் இந்த ரயில்ல ஏறல போல. கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, லயன்ஸ் கிளப்பு ஆண்டு விழா, எங்க கூப்ட்டாலும் போவேன். கும்பகோணத்துலேர்ந்து மாயவரம் பாசஞ்சர ஒரே மூச்சுல ஓட்டிக் காட்டுவேன். ஸ்டேஷன் மணி, ஸ்டீமு, சுண்டல் விக்கிறவன், டிக்கெட் இல்லாதவன் கக்கூஸ்ல இருமுறது வரைக்கும். நடுவுல மூச்சு விட மாட்டேன். அதான் ஐட்டமே. இப்பவா? இப்ப வேணாம் சார். கொஞ்ச நாளைக்கு வேணாம்னுட்டாங்க. யாரா? அதான் சொல்ல வர்றேன்.

என் பிராது என்னன்னா, ஊரே போயி பெருமாள சேவிச்சுட்டு வந்துடுச்சு. நான் மட்டும் சேவிக்கல. ஏன் சேவிக்கல? பொண்டாட்டி விடல. அவ்வளவுதான் கத. இருந்தாலும் முழுசா கேளுங்க.

நேபாளத்துல முக்திநாத்துன்னு இருக்கு. நம்மளவங்க சாளக்கிராமம்பாங்க. ஆழ்வாருங்க பாடின நூத்தியெட்டு திவ்ய தேசத்துல ரெண்டு பூமியிலயே கெடையாது. பாற்கடலு, பரமபதம். அங்க போக டூர் ஆபரேட்டர் யாரும் இல்ல. பாக்கி நூத்தியாறு. இவ, இதோ தூங்குறாளே, இவ நூத்தியஞ்ச முடிச்சிட்டா. நான் கச்சேரிக்குப் போற ஊர்ல எல்லாம் பக்கத்துல ஏதாவது கோயில் இருக்கான்னு பாத்து, ஒண்ணொண்ணா. இது நூத்தியாறாவது. கடைசி.

யாத்திரைக்கு ஆளு சேத்தது இவ அண்ணன் வரதன். என் மச்சான். கூட்டுறவு சொசைட்டில செகரட்டரியா இருந்து ரிட்டயர்டு. மைக்கு கெடைச்சா போதும் அந்த மனுசனுக்கு. "அன்பார்ந்த யாத்ரீகப் பெருமக்களே"ன்னு ஆரம்பிச்சா, பஸ்ஸு கோரக்பூர்ல இருந்து பார்டர் தாண்டுற வரைக்கும் 'பெருமக்களே' முடியாது. பக்தி முத்திப்போயி பிராணாயாமம் வேற. மூக்க ஒரு பக்கம் அடைச்சு, மறுபக்கம் விட்டு, "மாப்ள, மூச்ச ஜெயிச்சவன் எல்லாத்தையும் ஜெயிச்சவன்". நான் சொன்னேன், "மச்சான், நீங்க மொதல்ல மூக்க ஜெயிங்க, அத விட்டுக் கைய எடுங்க, சாப்பாடு பரிமாறணும்."

கூட்டத்துல இன்னொரு அம்மா. வேதவல்லி டீச்சர். பள்ளிக்கூடத்துல விலங்கியல் எடுத்தவங்க. தவளைய அறுத்து அறுத்து, மனுசனப் பாத்தாலும் எங்கேர்ந்து அறுக்கலாம்னு பாக்குற பார்வ.

ஜீப்புல மலை ஏறி ஜோம்சோம்னு ஒரு ஊரு. அங்க ஒரு நாள் தங்கணும், ஒசரத்துக்கு ஒடம்பு பழகணும்னு டீச்சர் கட்டளை. "கீழ இருக்குற பொக்காராலேர்ந்து ஒரே மூச்சா மேல போகக் கூடாது. ஓடாதீங்க, குதிக்காதீங்க, நெறைய தண்ணி குடிங்க, தலைய வலிச்சா மறைக்காம சொல்லுங்க." நமக்குத்தான் சொல்றாங்க. நான் என்ன பிரேயர்ல நிக்கிற பையனா?

மத்தியானம் சாப்ட்டு எல்லாரும் லாட்ஜ் ஹால்ல கம்பளியப் போத்திப் படுத்தோம். படுத்துக் கொஞ்ச நேரத்துல மச்சான் ஆரம்பிச்சாரு பாருங்க. குறட்ட இல்ல. குறட்டன்னா பரவால்ல. "ஹ்ஹூம்... ஹ்ஹூம்..."னு பெருசா இழுக்குறாரு. அப்பறம் சின்னதா. அப்பறம் இன்னும் சின்னதா. அப்பறம் நின்னு போச்சு.

நின்னே போச்சு சார். சுத்தமா.

நான் எழுந்து உக்காந்துட்டேன். சரி, முடிஞ்சுது, இனிமே மைக்கு நமக்குத்தான்னு நெனச்சேன். அப்ப, கெணத்துலேர்ந்து ஆள தூக்கிப் போட்ட மாதிரி, "ஹ்ஹ்ஹ்ஹாஆ!" திரும்ப மொதல்லேர்ந்து, பெருசு, சின்னது, இன்னும் சின்னது, நிறுத்தம். நல்லா கவனிச்சேன். கடியாரம் மாதிரி. ஒவ்வொரு தடவயும் அதே அளவு. பிறவிக் கலைஞன் சார் அந்தாளு, தூக்கத்துல.

நமக்குத் தொழில் புத்தி. அவரு எழுந்திரிக்கறதுக்குள்ள பாடம் பண்ணிட்டேன். சாயந்தரம் டீ நேரத்துல, ஹால் முழுக்க ஆளு, நான் கம்பளியத் தோள்ல போட்டுக்கிட்டு, "அன்பார்ந்த யாத்ரீகப் பெருமக்களே, மூச்ச ஜெயிச்சவன்..."னு சொல்லிட்டே தூங்குற மாதிரி சாஞ்சேன். ஹ்ஹூம். ஹூம். ஹும். நிறுத்தம்.

அந்த நிறுத்தம் இருக்கே சார், அதுதான் என் சொத்து. எவன் வேணாலும் கொரல மாத்துவான். சும்மா இருக்கத் தெரியணும். சனங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருக்கணும். 'என்னடா ஆச்சு இவனுக்கு'ன்னு ஒரு கண்ணு லேசா பயப்படும் பாருங்க, அப்ப விடணும் "ஹ்ஹ்ஹ்ஹாஆ!"

ஹாலு சிரிப்புல ஆடிப் போச்சு. சமையக்காரன் கரண்டியோட வந்து பாத்தான். மச்சான் மூஞ்சி? வேப்பெண்ண குடிச்ச மாதிரி. "மாப்ள, எனக்கு வியாதிங்கிறியா?"ன்னாரு.

உடனே டீச்சர் எழுந்தாங்க. "அது வியாதி இல்ல, அவரு ஒடம்பு ஒழுங்கா வேல பாக்குது. கழுத்துல, மூளைக்கு ரத்தம் போற கொழாய் பிரியற எடத்துல, ரெண்டு பக்கமும் அரிசியளவுக்கு ஒண்ணு இருக்கு. வாட்ச்மேன் மாதிரி. ரத்தத்துல ஆக்சிஜன் கொறஞ்சா அது மூளைக்கு மணி அடிக்கும். மூளை 'வேகமா இழு, ஆழமா இழு'ங்கும். சரியா?"

எல்லாரும் "சரி டீச்சர்"ங்குறாங்க. வயசு அறுபது, எழுபது.

"வேகமா இழுத்தா கரியமில வாயு நெறைய வெளிய போயிடும். மூளைக்குள்ள இன்னொரு ஆபீசர் இருக்கான். அவனுக்கு ஆக்சிஜனப் பத்திக் கவலையில்ல, கரியமில வாயுதான் கணக்கு. அது கொறஞ்சா 'மூச்சு போதும், நிறுத்து'ன்னுடுவான். முழிச்சிருக்கையில தெரியாது. தூங்குனா ரெண்டு பேருக்கும் சண்ட. இவன் நிறுத்துவான், ஆக்சிஜன் கொறையும், வாட்ச்மேன் திரும்ப மணி அடிப்பான்."

எனக்கு நல்லாப் புரிஞ்சுது சார். நம்ம தாலுகா ஆபீசுதான். ஒருத்தரு கையெழுத்துப் போடுவாரு, பக்கத்து டேபிள்ல நிறுத்தி வைப்பாங்க. கடைசில யாரு தீத்து வைக்கிறாங்கன்னு கேளுங்க. கிட்னி! ரெண்டு மூணு நாள்ல கிட்னி ரத்தத்தக் கொஞ்சம் கொஞ்சமா சரிபண்ணி ரெண்டு பேரையும் சமாதானம் பண்ணி வைக்குமாம். அதனாலதான் மேல போனா அடிக்கடி ஒண்ணுக்கு வருமாம். அதுக்குள்ள அவசரப்படாதங்குறாங்க.

போற போக்குல என்னப் பாத்து இன்னொண்ணு சொன்னாங்க. "நடந்தா மூச்சு வாங்குறது இங்க சகஜம். சும்மா உக்காந்திருக்கறப்பவே வாங்கினா, அது சகஜமில்ல. உடனே கீழ எறங்கிடணும்." இத எதுக்கு என்னப் பாத்து சொன்னாங்கன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

மறுநாள் ஜீப்புல மேல. ராணிபவ்வான்னு ஊரு, அங்கேர்ந்து படியேறினா கோயிலு. நாங்க போய் எறங்கவும் மழ. மழையா அது, ஐஸ் தண்ணி. நாளைக்குக் காலம்பர போலாம்னு லாட்ஜ்லயே ஒக்கார வச்சுட்டாரு மச்சான். சும்மா ஒக்காந்திருந்தா சனம் விடுமா? "சௌரி, மச்சான் மூச்சு!" "சௌரி, அந்த நிறுத்தம்!" பண்ணேன். எத்தன தடவைன்னு கணக்கில்ல. ரயில் ஐட்டமும் பண்ணேன். வழக்கமா மாயவரம் வரைக்கும் போற வண்டி, அன்னிக்கு ஆடுதுறையிலயே நின்னுடுச்சு. இன்ஜின் கோளாறுன்னு சமாளிச்சேன். செம கைதட்டு.

லேசா தலைவலி இருந்துச்சு. யாருக்கு இல்ல? இருமல். எனக்கு எப்ப இல்ல? மச்சான இவ்வளவு ஓட்டிட்டு, நான் போயி "டீச்சர், எனக்குத் தலைய வலிக்குது"ன்னு நிக்க முடியுமா? மானம் போயிடும்ல?

இவ மட்டும் வந்து பக்கத்துல ஒக்காந்தா. "ஏங்க, ஒரு மாதிரி இருக்கீங்களே?"

"எந்த மாதிரி?"

"தெரியல. நாளைக்கு நீங்க படியேற வேணாம். நான் போயிட்டு வந்துடுறேன்."

"ஓ, மோட்சத்துக்குத் தனியாப் போகப் பாக்குறியா?"ன்னேன். சிரிக்கல. இவ சிரிக்க மாட்டா சார். இத நீங்க தெரிஞ்சுக்கணும். இத்தன வருசத்துல என் கச்சேரில ஒரு தடவ, ஒரே ஒரு தடவ சிரிச்சதில்ல. கூடவே வருவா, கடைசி வரிசைல ஒக்காருவா, என்னையே பாத்துட்டு இருப்பா, ஊரே வயித்தப் புடிச்சுக்கிட்டு உருளும், இவ வாய் மட்டும் முணுமுணுன்னு எதையோ எண்ணிக்கிட்டிருக்கும். சுலோகம்னு நெனச்சிருந்தேன்.

காலம்பர. வெளிய வானம் பளிச்சுன்னு. எல்லாரும் சாப்பாட்டு ஹால்ல டீ குடிச்சுட்டு, துண்டு, மாத்துத் துணி எடுத்து வச்சுக்கிட்டு தயார். அங்க மாட்டுத் தல வச்ச நூத்தியெட்டு கொழாய் வாய்லேர்ந்து தண்ணி கொட்டும், எல்லாத்துலயும் தலைய நீட்டிக்கிட்டே ஓடணும். இவ புதுப்புடவ, கையில துளசி மால. ஊர்லேர்ந்து ஈரத்துணில சுத்திக் கொண்டாந்து, தெனம் தண்ணி தெளிச்சு வச்சிருந்தா. வாடாம இருந்துச்சு சார், அது ஒரு ஆச்சரியம்.

நான் வர்றேன். நான் வந்த நடையப் பாத்தே சிரிப்பு. கால் கொஞ்சம் கோணிக்கிச்சு, மேசைய இடிச்சேன். நம்ம குடிகாரன் ஐட்டம்னு நெனச்சுக்கிட்டாங்க. நானும் ஆமான்னு விட்டுட்டேன். ஒதடு நீலமா இருந்துச்சாம். குளிருக்கு எல்லாருக்கும்தான் நீலமாகும். "சௌரி, மலை எறங்கறதுக்குள்ள கடைசியா ஒரு தடவ!"ன்னு சத்தம். நாற்காலில ஒக்காந்தேன்.

"அன்பார்ந்த"ன்னேன். "யாத்ரீக"ங்கறதுக்குள்ள மூச்சு வாங்குது. சிரிப்பு. நான் என்ன பண்ணட்டும்? மூச்சு வாங்குற ஐட்டத்துல மூச்சு வாங்குது, கலைஞனுக்கு இதவிட என்ன வேணும்? "பெருமக்களே" வரவே இல்ல. நுரையா ஒரு இருமல். அதுக்கும் சிரிப்பு. மச்சானே சிரிச்சாரு சார், அந்த வேப்பெண்ண மூஞ்சியே சிரிச்சுது. நான் கையக் காட்டுறேன். எதுக்குக் காட்டுனேன்னு இப்ப ஞாபகமில்ல. கைதட்டச் சொல்றேன்னு நெனச்சு தட்டுறாங்க.

அப்ப இவ எழுந்தா.

"நிறுத்துங்க. எல்லாரும் சிரிக்கறத நிறுத்துங்க. இது அவரு பண்றதில்ல."

அதுக்கு ஒரு சிரிப்பு பாருங்க! அன்னிக்கு அதுதான் பெரிய சிரிப்பு. பொண்டாட்டியும் ஐட்டத்துல சேந்துட்டான்னு.

இவ துளசி மாலைய மேசையில வச்சா. அண்ணனப் பாத்துச் சொல்றா: "அண்ணே, சிரிப்பு மேல மிதிச்சுட்டாருண்ணே. ரெண்டு தடவ. அவரு மிதிக்க மாட்டாரு."

சார், இது எங்க தொழில்ல பெரிய விசயம். சனங்க சிரிச்சா, அது எழும்பி, உச்சிக்குப் போயி, பாதி எறங்கும் பாருங்க, அப்பதான் அடுத்தத எடுத்து விடணும். சிரிப்பு அடங்கறதுக்கு முன்னாடி வாயத் தொறந்தா சிரிப்பு மேல ஏறி மிதிச்ச மாதிரி. தொழில் தெரியாதவன்தான் மிதிப்பான். என்னப் பாத்து, அத்தன பேரு முன்னால, கட்டின பொண்டாட்டி சொல்றா, இவரு டைமிங் போயிடுச்சுன்னு! வேற யாராவது சொல்லியிருந்தா அந்த எடத்துலயே ரெண்டுல ஒண்ணு பாத்திருப்பேன். சொல்லத்தான் மூச்சு வரல.

மச்சான் டீச்சரத் திரும்பிப் பாத்தாரு. டீச்சர் ஓடி வந்து வெரல்ல ஆக்சிஜன் அளக்குற ஒரு கிளிப்ப மாட்டுனாங்க. அந்த ஒசரத்துல எல்லாருக்கும் எம்பதுக்கு மேல காட்டுதாம், எனக்கு அறுபதத் தொடலையாம். குளிர்ந்த வெரல்ல சைனாக்காரன் மிஷினு வேற என்ன காட்டும்? நெஞ்சுல காத வச்சுப் பாத்துட்டு, "நுரையீரல்ல நீர் கோத்திருக்கு, இந்த நிமிசமே கீழ எறக்கணும்"னாங்க. ஒருத்தன் ஜீப்புக்கு ஓடுறான், ஒருத்தன் சிலிண்டர் தூக்கிட்டு வர்றான். நான் "இதெல்லாம் ஐட்டம்தான்"னு சொல்லிட்டிருக்கேன். சொன்னதா எனக்கு ஞாபகம். அவங்க காதுல வெறும் காத்துதான் விழுந்துச்சாம்.

மச்சான் கம்பளிய எடுத்து என் மேல போத்துனாரு. தங்கச்சியப் பாத்து, "அம்மாடி, கோயில் அந்தா தெரியுது. நீ போயி சேவிச்சுட்டு வா. மாப்ளைய நான் எறக்கிட்டுப் போறேன்"னாரு. நியாயந்தானே? நூத்தியஞ்சு முடிச்சவ, கண்ணுக்கு எட்டுற தூரத்துல நூத்தியாறாவது நிக்குது. போக வேண்டியதுதானே? யாரு வேணாம்னா?

"வேணாம்ணே. அவரு எப்ப நிறுத்துவாரு, எப்பத் திரும்ப ஆரம்பிப்பாருன்னு ஒனக்குத் தெரியாது"ன்னுட்டு ஜீப்புல ஏறி என் தலையத் தூக்கி மடில வச்சுக்கிட்டா. கோயில் இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல சார். இவ்வளவுதான் பக்தி! வழி நெடுக என் மூக்குக்குக் கீழ ஒரு வெரல வச்சுக்கிட்டு வர்றா. ஜீப்பு குதிக்குது, வெரல் நகரல. "எடுடி, கூசுது"ன்னேன். எடுக்கல. வாய் மட்டும் முணுமுணுங்குது. பக்கத்துல காது இருந்ததால அப்பதான் கேட்டேன். சுலோகம் இல்ல சார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... நான் இழுத்தா மறுபடி ஒண்ணுலேர்ந்து.

ஜோம்சோம் ஆஸ்பத்திரில ஆக்சிஜன் வச்சாங்க, அங்கேர்ந்து பொக்காரா. எறங்க எறங்கத் தெளிஞ்சுது. தெளியத்தானே செய்யும், ஒண்ணும் இல்லாதவனுக்கு? டாக்டரு சின்னப் பையன், கொஞ்ச நாளைக்கு மூச்ச அடக்குற ஐட்டம் எதுவும் வேணாம்னான். "இன்னும் கொஞ்ச நேரம் மேல இருந்திருந்தா..."ன்னு இழுக்குறான். அவனுக்கும் டைமிங் தெரியல, பாதியில நிறுத்திட்டான்.

மச்சான் கோஷ்டி சேவிச்சுட்டு மறுநாள் வந்து சேந்தாங்க. மச்சான் என் கட்டில் பக்கத்துல ஒக்காந்து, "மாப்ள, நூத்தியாற விட்டுட்டு நேரா நூத்தியெட்டுக்கே டிக்கெட் போட்டுட்டியேடா"ன்னாரு. நல்ல ஜோக்கு, ஒத்துக்குறேன். ஆனா சொல்லி முடிச்சதும் அவரே அழுதுட்டாரு. கெடுத்துட்டாரு. டீச்சர் பாட்டில்ல அந்த நூத்தியெட்டு வாய்த் தண்ணியப் புடிச்சுக் கொண்டாந்து இவ கையில குடுத்தாங்க. இவளாவது குடிப்பான்னு பாத்தா, மொத்தத்தையும் என் தலைல தெளிச்சா. அதுல ஒரு தும்மல் வேற.

அந்த துளசி மாலயா? மச்சான் கொண்டுபோயி சாத்திட்டாராம், இவ பேரச் சொல்லி. கணக்குல வருமான்னு டீச்சர்கிட்ட கேட்டேன். "அதப் பெருமாள்தான் சொல்லணும், விலங்கியல்ல வராது"ன்னாங்க.

இப்ப என் தொழிலப் பாருங்க சார். மொத்தமாப் போச்சு. எப்பிடிங்குறீங்களா? காட்டுறேன். நான் பேச்ச நிறுத்துறேன். நீங்களும் சத்தம் காட்டாதீங்க. இவள மட்டும் பாருங்க.

...

"ஏங்க?"

ஒண்ணுமில்ல, தூங்கு. சாருகிட்ட பேசிட்டிருக்கேன். தூங்கு.

பாத்தீங்களா? கண்ணு தொறந்துச்சா? ரயிலு இந்தக் கத்து கத்துது, டீக்காரன் காதுல வந்து கத்துறான், கொழந்த அழுவுது, எதுக்கும் அசையல. நான் வாய மூடுனா முழிப்பு வந்துடுது. நிறுத்தம்தான் சார் என் சொத்து, அதுல கைய வச்சுட்டா. இனிமே எந்த மேடையில நான் போயி நிறுத்துறது? கடைசி வரிசைலேர்ந்து "ஏங்க?"ன்னு குரல் வருமே!

ஆஸ்பத்திரில ஒக்காந்தே இருந்தா சார், கண்ணே மூடல. பொக்காரால, பார்டர்ல, நேத்திக்கு இந்த ரயில்லயும். நாக்பூர் வந்ததும்தான் நீங்க ஏறினீங்க, நான் சும்மா "எது வரைக்கும்"னு கேட்டேன், நீங்க ஏதோ சொன்னீங்க, நான் ஏதோ சொன்னேன், திரும்பிப் பாத்தா இவ தூங்கியிருக்கா. அதத்தான் சார் அப்பறம் சொல்றேன்னேன். இல்லன்னா, செருப்பு மேல ஆரஞ்சுத் தோலப் போட்ட மனுசன்கிட்ட சொந்தக் கதைய சொல்லணும்னு எனக்கென்ன வேண்டுதலா?

கத முடிஞ்சு போச்சு. வாரங்கல் வர இன்னும் நேரம் கெடக்கு.

ஏதாவது கேளுங்க சார். எதுவானாலும் சரி. என்ன படிச்சீங்க, எங்க வேல, நீங்க சொல்ல வேணாம், என்னக் கேளுங்க. சீக்கிரம் சார்.

கேளுங்க.